கிலோமீற்றருக்கு நூற்றேழு கிராம்

சட்டன், லண்டன்,
02.04.2025

அன்புள்ள தம்பி யோகராஜாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் சயந்தினியும் மருமகனும் சுகம். உன் முழங்கால் எப்படி? அருமைநாயகிக்குச் சீனி இறங்கியதா? மச்சாள் கேட்டதாகச் சொல்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே நழுவிவிடுவாய். நீ பிறந்த நாள் தொட்டு உன்னை எனக்குத் தெரியும். கடிதத்தில் வெறும் ஓம் எழுதி அனுப்ப முடியாது. எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் தா.

விஷயம் கார். மாசி மாதம் மகளோடு இருப்பதற்காக டோட்முண்டிலிருந்து நான் ஓட, நீ பக்கத்தில் இருந்து வந்த சிவப்புக் காருக்கு இந்த நாட்டு இலக்கத்தகடு கிடைத்துவிட்டது. சுங்கத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டினேன். முன்விளக்கை இந்த ஊர் வீதிக்கு ஏற்றபடி மாற்றினேன். அவற்றில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் வீதி வரியைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. வருடத்துக்கு இருநூற்றிருபது பவுண். பக்கத்து வீட்டுக்காரியிடமும் இதே கார்தான். அதே எஞ்சின், அதே வருடம், ஆனால் இங்கே வாங்கியது. அவள் கட்டுவது இருபது.

பதிவுக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். இந்த வயதுக் கார்களுக்கு, கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் காபனீரொட்சைட்டுப் புகை விடுகிறது என்று பார்த்துத்தான் வரியாம். வெளிநாட்டிலிருந்து வந்த காருக்கு அந்த இலக்கம் பதிவில் இல்லாவிட்டால் எஞ்சினின் பருமனைப் பார்த்துப் போடுவார்களாம். என் காருக்கு அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கிறதாம்.

"பேப்பரில் இலக்கம் இல்லாவிட்டால் என் காரின் புகை கூடிவிடுமா?" என்று கேட்டேன். "கூடாது, ஆனால் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாதே" என்றாள். "தெரியாததற்கு ஏன் கூட்டிப் போடுகிறீர்கள்? குறைத்துப் போடலாமே" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜெர்மன் பதிவுப் பேப்பர்கள் விண்ணப்பத்தோடு போய்விட்டன. இனித் திருத்துவதற்குக் காரைச் செய்த கம்பனியின் சான்றிதழ் வேண்டும். கார் வாங்கிய அன்று அதை உன்னிடம்தான் தந்தேன். எடுத்து அனுப்பு. இது காசுக்காக அல்ல. நான் விடாத புகைக்கு நான் வரி கட்டமாட்டேன்.

போன வெள்ளியும் இங்கே சிநேகமான லூர்தம்மாவை ஏற்றிக்கொண்டு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். அவள் வேதக்காரி, ஞாயிறானால் மாதா கோயில். கேட்டால், "மோதகத்துக்கு மதம் இல்லை அக்கா" என்பாள். உன் பெயருக்கும் ஒரு அருச்சனை செய்தேன்.

உடம்பைப் பார். பேப்பரையும் பார்.
அக்கா
தவமலர்

---

டோட்முண்ட்,
16.04.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் புதுவருட வாழ்த்துகள். என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் சத்தம் போடும். அருமைநாயகிக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இத்துடன் காரின் பேப்பர் ஒன்றை வைத்திருக்கிறேன். புகை பார்த்த பேப்பர்தான். இது உதவுமோ தெரியாது. நீங்கள் கேட்ட சான்றிதழைத் தேடுகிறேன். வீட்டுக்கு வர்ணம் பூசியபோது கோப்புகள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

சட்டனில் ரயில் வசதி நல்லது என்று சயந்தினி சொன்னாள். வயது போனவர்களுக்கு லண்டனில் பயணம் இலவசமாமே. குறையாக நினைக்கவேண்டாம். சும்மா எழுதினேன்.

உங்கள் சுகத்தையே எதிர்பார்க்கும்
தம்பி
யோகராஜா

---

சட்டன்,
23.04.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோசம். சந்தோசம் அந்த வரியோடு முடிந்தது.

நீ அனுப்பியது என்ன பேப்பர்? வருடாந்தப் பரிசோதனையில் கராஜ்காரன் புகைக்குழாய்க்குள் குழல் விட்டுப் பார்த்த பேப்பர். அதில் காபனீரொட்சைட்டே இல்லை. அவர்கள் கேட்பது இந்தக் கார் பிறந்தபோது எழுதிய இலக்கத்தை. நீ அனுப்பியது போன வருடம் அதற்குக் காய்ச்சல் பார்த்த துண்டை. உனக்கு இது தெரியாதா? முப்பது வருடம் ஜெர்மனியில் லொறி ஓடினவன் நீ. எனக்குத்தான் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் நான் விளங்கியதை நீ விளங்கவில்லை என்றால் நான் நம்பவா?

ரயில் இலவசம் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. இங்கேயிருந்து வெஸ்ட் ஈலிங்குக்கு ரயில் மாறி ரயில் ஏறி, பிறகு பஸ். லூர்தம்மாவின் இடுப்புக்கு அது ஏலாது. சயந்தினி உன்னோடு எப்போது கதைத்தாள்? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

இன்னொன்று. பெல்ஜியத்தில் நீ கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்ததிலிருந்து அது இறுகிப்போய் இருக்கிறது. ஓடுகிறவள் நான். பக்கத்தில் இருக்கிறவன் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்கும் இங்கே கராஜ்காரனுக்குக் காசு கொடுத்தேன்.

சான்றிதழை அனுப்பு.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு.
அக்கா

---

டோட்முண்ட்,
30.05.2025

அன்பின் அக்காவுக்கு,

பதில் தாமதித்ததற்குக் கோபிக்கவேண்டாம். இடையில் எனக்குத் தடிமன், ஒரே தும்மல். இப்போது நானும் அருமைநாயகியும் சுகம்.

வீடு முழுக்கத் தேடினேன் அக்கா. நிலவறையிலும் பார்த்தேன். கம்பனியிடம் புதிய பிரதி கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும் என்கிறார்கள்.

ஒன்று சொல்லலாமா? பதினொரு வருடக் காருக்கு வருடா வருடம் இவ்வளவு வரி, இன்சூரன்ஸ், கராஜ். கூட்டிப் பார்த்தால் வாடகைக் காரில் போனாலும் மிச்சம். இங்கே ஒரு போலந்துக்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார். யோசித்துப் பாருங்கள். முடிவு உங்களுடையது.

குளிருக்கு வெளியே போகும்போது கவனம்.
தம்பி
யோகராஜா

---

சட்டன்,
08.06.2025

தம்பி யோகராஜாவுக்கு,

வைகாசி முடியப்போகிறது. வியர்த்து வழிகிறது. நீ குளிருக்குக் கவனம் என்று எழுதுகிறாய். கடிதத்தை மனம் வைத்து எழுது.

போலந்துக்காரனுக்கு என் காரை விற்கச் சொல்ல நீ ஆர்? சரி, நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அத்தான் போனபிறகு பன்னிரண்டு வருடம் நான் மற்றவர்களின் காரில் போனவள். கோயிலுக்கு, கடைக்கு, சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. "அக்கா, றெடியா நில்லுங்கோ, அஞ்சு நிமிசத்திலை வாறம்" என்பார்கள். நான் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். ஒரு மணித்தியாலம் கழித்து, "அக்கா, காருக்குள்ளை இடமில்லை, குறை நினையாதேங்கோ" என்பார்கள். ஒருமுறை அப்படி விட்டுப் போனது உன்னுடைய கார்.

பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு, வீதி விதிகளை ஜெர்மன் சொல்லாகப் பாடமாக்கினேன். மூன்று முறை தோற்றேன். நாலாம் முறை அந்தப் பரிசோதகரே எழுந்து கை தந்தார். அன்றிலிருந்து நான் ஒருவருக்காகவும் வாசலில் நின்றதில்லை. இனியும் நிற்கமாட்டேன். இது உனக்கு விளங்குமோ தெரியாது. ஆம்பிளைகளுக்கு ஆரும் வாசலில் நிற்கச் சொல்வதில்லை.

போன கிழமை லூர்தம்மாவுக்கு இதைச் சொன்னேன். "இருநூற்றிருபது கேக்கிறாங்கள் எண்டால் கட்டிப்போட்டு ஓடுங்கோவன் அக்கா" என்றாள். "கட்டினால் நான் பிழை எண்டு ஆகும்" என்றேன். "நீங்கள் ஒரு நாளும் பிழை விடுறேல்லை எண்டு எனக்குத் தெரியும். மாதாவுக்குத்தான் தெரியேல்லை" என்றாள். அவளை இறக்கிவிட்டு வந்திருக்கலாம். மழை, அதனால் விட்டேன்.

சயந்தினியும் சேர்ந்துவிட்டாள். நேற்றுக் காரை உள்ளே விடும்போது பக்கக் கண்ணாடி கேற்றுத் தூணில் முட்டி உடைந்தது. அந்தத் தூணை முன்னே இழுத்துக் கட்டியவனுக்குத்தான் ஏச வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அந்தப் பேசாமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்கிறேன்.

கம்பனிக்கு நீ எழுதினாயா இல்லையா? இல்லையென்றால் நான் எழுதுகிறேன். என் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன்தான். ஆனால் கோபம் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

அருமைநாயகிக்குப் பாவற்காய் கொடு.
தவமலர்

---

டோட்முண்ட்,
14.07.2025

அன்பின் அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கம்பனிக்கு நீங்கள் எழுதவேண்டாம், நான் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

கண்ணாடி உடைந்ததாக எழுதினீர்கள். எந்தப் பக்கத்துக் கண்ணாடி என்று எழுதவில்லையே. வலது பக்கமா?

தம்பி
யோகராஜா

---

சட்டன்,
20.07.2025

யோகராஜா,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

நேற்று அருமைநாயகி போன் எடுத்தாள். ஆடிக்கூழ் காய்ச்சினாளாம், என்னை நினைத்தாளாம். நல்ல மனுசி. கதையோடு கதையாக, "இவர் அந்தக் கார்ப் பேப்பரை இன்னும் வீடு முழுக்கத் தேடுறாரோ?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "என்ன மச்சாள் தேடுறது? அது எங்கடை சாமியறை லாச்சிக்குள்ளைதானே கிடக்கு. பாஸ்போட், காணி உறுதி எல்லாத்தோடையும். நான் விளக்கேத்தேக்கை காணுறனான்" என்றாள்.

பிறகு அவளுக்கே ஏதோ விளங்கிவிட்டது. "மச்சாள், அடுப்பிலை கூழ்" என்று போனை வைத்துவிட்டாள். அவளை ஏசாதே. ஏசினாய் என்று கேள்விப்பட்டால் நான் அங்கே வருவேன். காரில் வருவேன்.

நிலவறையில் தேடினாயா? முருகனின் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குக் கீழே, இழுப்பறைக்குள் பேப்பரை வைத்துக்கொண்டு, அதே முருகனைக் காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டு, "வீடு முழுக்கத் தேடினேன் அக்கா" என்று எனக்கு எழுத உன் கை எப்படிப் போனது? தடிமன் என்றாய். மாதக்கணக்கு என்றாய். போலந்துக்காரன் என்றாய். அந்தப் போலந்துக்காரனாவது உண்மையா?

உன்னை ஜெர்மனிக்கு எடுப்பதற்கு நான் தாலிக்கொடியை அடகு வைத்ததை இன்றுவரை உனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன். அன்று முழு உண்மையும் என்னிடம் சொல்லித்தானே கேட்டாய்? இன்று ஒரு பேப்பருக்கு எதற்குப் பொய்?

கண்ணாடி எந்தப் பக்கம் என்று உனக்கு என்ன? வலது பக்கம். திருப்தியா?

பேப்பரை அனுப்பு. அதோடு, ஏன் ஒளித்தாய் என்பதையும் எழுது.

தவமலர்

---

டோட்முண்ட்,
04.08.2025

அக்கா,

இத்துடன் சான்றிதழ்.

யோகராஜா

---

சட்டன்,
15.09.2025

தம்பி யோகராஜாவுக்கு,

உன் ஒரு வரிக் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் இன்றைக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் வரியைச் சொல்லி முடிக்கிறேன். சான்றிதழில் நாற்பத்தொன்பதாம் வரியில் இருக்கிறது: கிலோமீற்றருக்கு நூற்றேழு கிராம். நானே கடிதம் எழுதி, சான்றிதழை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிவைத் திருத்திக் காரின் புதிய பதிவுப் புத்தகம் அனுப்பிவிட்டார்கள். வெறுமையாக இருந்த பெட்டியில் இப்போது நூற்றேழு. வரி இருபது பவுண். கந்தோர் சொன்னபடி செய்தது. இந்த விஷயத்தில் எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆட்கள் அவர்கள்தான்.

இனி மற்றது. புத்தகம் வந்த அன்று அதைச் சயந்தினிக்குக் காட்டி, "பார், உன்ரை மாமா ஒளிச்சு வைச்ச இலக்கம்" என்றேன். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"மாமாவை ஏசாதேங்கோ அம்மா. நான்தான் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான்."

"நீயோ?"

"படிவம் நிரப்பினது நான்தானே. ஜெர்மன் பேப்பரிலை அந்த இலக்கம் இருந்தது. அந்தப் பெட்டியை நான் வேணுமெண்டுதான் விட்டனான்."

ஏன் என்று கேட்டேன்.

"காரை விடுங்கோ எண்டு உங்களிட்டை ஆர் சொல்லுறது? மாமா சொல்லுவார் எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தன். நான் சொல்லுவன் எண்டு மாமா பாத்துக்கொண்டு இருந்தார். கடைசியிலை வரி சொல்லட்டும் எண்டு விட்டம்."

"இருநூறு பவுணுக்கு நான் காரை விடுவன் எண்டு நினைச்சனியளோ?"

"பாணுக்கு ரெண்டு பென்ஸ் காசு கூடினாலே கடையை மாத்திற ஆள் நீங்கள்."

மருமகன் சிரித்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் எழுந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

மூத்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆகவே அரசாங்கத்தின் வாயால் சொல்லப் பார்த்தீர்கள். இதற்குப் பெயர் மரியாதையா? நான் என்ன, எதிர்த்துச் சொன்னால் கண்ணால் எரிக்கிற சாமியா? ஏசுவேன். சத்தம் போடுவேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பேன். அதைத் தாங்க ஏலாமல்தானே பேப்பரை முருகனுக்குக் கீழே வைத்தாய்?

ஏன் நான் ஓடக்கூடாது என்று சயந்தினியிடம் கேட்டேன். அவளுக்கு முழுக்கத் தெரியவில்லை. "மாமா உங்களோடை வந்து இறங்கின அண்டைக்கு முகம் வெளிறிப்போய் நிண்டவர். அம்மாவை ஓட விடாதை எண்டு மட்டும் சொன்னவர். என்ன நடந்தது எண்டு கேட்டன், சொல்லேல்லை" என்றாள்.

நீ என்ன கண்டாய்? அதை எழுது. நேரே எழுது. முழங்கால், தடிமன், குளிர் ஒன்றும் வேண்டாம். நீ எழுதுவது சரியென்று எனக்குப் பட்டால் நான் கேட்பேன். படாவிட்டால் கேட்கமாட்டேன். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் ஓடுவேன்.

அக்கா
தவமலர்

---

டோட்முண்ட்,
12.10.2025

அன்பின் அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. உங்களிடம் என் வாழ்க்கையில் வேண்டாம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி நேரே எழுதுகிறேன்.

பெல்ஜியத்தில் பெற்றோல் அடித்துவிட்டு வெளிக்கிட்டோம். நீங்கள் மெதுவாக வலது பக்கம் திருப்பினீர்கள். அங்கே ஒரு ஆள் குப்பைப் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றான். மஞ்சள் சட்டை, அக்கா. கண் கூசுகிற மஞ்சள். என் யன்னலுக்கு நேரே நின்றான். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே காரை அவன் மேல் விட்டீர்கள்.

நான் கைப்பிரேக்கை இழுத்தேன். கார் நின்றபோது அவன் இரண்டு கைகளையும் காரின் மூக்கில் ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் உங்களைப் பார்த்துக் கத்தினான். நீங்கள் என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். "என்ரை காரிலை கை வைக்காதை" என்றீர்கள். பிறகு காரை எடுத்துக்கொண்டு போனீர்கள். அவனை நீங்கள் கடைசிவரை காணவில்லை.

அதன்பிறகு லண்டன் வரைக்கும் நான் உங்கள் வலது பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நேரே இருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. தூரத்துப் பலகையை என்னைவிட முதலில் வாசிக்கிறீர்கள். ஆனால் வலது பக்கத்தில் வருகிற ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியவில்லை. அன்றே சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் எவ்வளவு சந்தோசமாக ஓடிக்கொண்டு வந்தீர்கள் என்று பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை.

அக்கா, கார் ஓடாதேங்கோ.

நீங்கள் இனி என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி
யோகராஜா

---

சட்டன்,
23.11.2025

தம்பி யோகராஜாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் பனி கொட்டும் என்று செய்தியில் சொன்னார்கள். முழங்காலை மூடிக்கொண்டு படு.

உன் கடிதத்தை வாசித்ததும் இது பொய் என்று நிரூபிக்கத்தான் வெளிக்கிட்டேன். அடுத்த நாளே சட்டன் கடைத்தெருவில் கண் பார்க்கும் இடத்துக்குப் போனேன், நடந்து. எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசித்தேன். அந்தப் பிள்ளை "வெரி குட்" என்றாள். உன்னை நினைத்துக்கொண்டேன், என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன். பிறகு ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். வெளிச்சப் பொட்டுத் தெரியும்போது கையில் உள்ள குமிழை அழுத்த வேண்டும். அழுத்தினேன். நெடுநேரம் ஒரு பொட்டும் வரவில்லை. "இயந்திரம் பழுதோ?" என்று கேட்டேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். வலது பக்கத்தில் பொட்டுகள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மீண்டும் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டதாம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்ற இரவில் சொட்டு மருந்து. வாகனம் ஓடக்கூடாது என்று டொக்டர் சொன்னார். என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை.

லைசென்சை நானே உறையில் போட்டு அனுப்பினேன். யாரும் பறிக்கவில்லை. அன்றிரவு என்ன செய்தேன் என்பது என் விஷயம்.

என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. இப்போதுதான் அது சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. நீ பொய் சொன்னதை விடு. மாசியில் அந்த மஞ்சள் சட்டைக்காரனைக் கண்டாய். நீ எனக்கு எழுதியது ஐப்பசி பிறக்கப்போகும்போது. இடையில் நான் ஓடிய வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாயா? லூர்தம்மா என் வலது பக்கத்தில் இருந்து மோதகம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீதி கடந்தார்கள். நான் நேரே பார்த்துக்கொண்டு, என் கண்ணில் பழுதில்லை என்று நம்பிக்கொண்டு ஓடினேன். நீ பேப்பரை ஒளித்தாய். கார் வாசலில்தானே நின்றது? வரி கூடினால் நான் விடுவேன் என்று டோட்முண்டில் இருந்து காத்துக்கொண்டிருந்தாய். உன் மரியாதை எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டது. என் காருக்கு முன்னால் ஒருவன் விழுந்திருந்தால், அவனுடைய வீட்டுக்குப் போய் நீ என்ன சொல்லியிருப்பாய்? "அக்காவுக்குச் சொல்ல வாய் வரவில்லை" என்றா?

இதற்கு எனக்குப் பதில் எழுதவேண்டாம். இரவில் உனக்கு நீயே சொல்லிக்கொள். சயந்தினிக்கும் இதையே சொன்னேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

காரை விற்கவில்லை. நூற்றேழு கிராம் என்று ஒரு நாடு ஒப்புக்கொண்ட காரை நான் எதற்கு விற்க? சயந்தினியின் பெயரை இன்சூரன்சில் போட்டோம். வெள்ளிக்கிழமை நான் கோட்டைப் போட்டால் அவள் காரின் திறப்புக் கொத்தோடு வாசலில் நிற்கவேண்டும், எனக்கு முதல் நிற்கவேண்டும். அதுதான் ஒப்பந்தம். இன்றுவரை நிற்கிறாள்.

ஆனால் அவள் ஓட்டம் படு மோசம். ஜெர்மன் காரில் ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருக்கிறதே, அது அவளுக்குப் பழகவில்லை. நான் வலது பக்கத்தில் இருக்கிறேன். இந்த ஊரில் ஓடுகிறவர் இருக்கும் பக்கம். போன வெள்ளி கியூ பாலத்தடியில் அவள் சிக்னல் போடாமல் ஒரு வான்காரனுக்குக் குறுக்கே வெட்டினாள். அவன் வந்து பக்கத்தில் நிறுத்தி, யன்னலை இறக்கி, என்னைப் பார்த்துக் கத்தினான். நான்தான் ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டான். கிழவி, கண் தெரியாதா, வீட்டிலே இருக்கலாமே என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னான்.

பின்னால் லூர்தம்மா சிலுவை போட்டாள். சயந்தினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பேசாமல் இருங்கோ, ப்ளீஸ், பேசாமல் இருங்கோ" என்றாள்.

நான் யன்னலை முழுக்க இறக்கினேன்.

அருமைநாயகியைக் கேட்டதாகச் சொல்.

இன்னும் கோபத்தோடு இருக்கும்
உன் அக்கா
தவமலர்